2 கிலோ விதை வாங்கினால் 4 கிலோ திருப்பித் தரணும்; பெயரை அழித்தால் கோர்ட்டு கூட விடாது!

டெல்டா பெரியவரும் கம்ப்யூட்டர் பேத்தியும் சொல்லும் ஒரே கணக்கு

தஞ்சாவூர்:-

சாப்பாட்டு நெல்லுக்கு விலை உண்டு. விதை நெல்லுக்கு?

"விலை கெடையாது. கணக்குதான் உண்டு" என்கிறார், திருத்துறைப்பூண்டி பக்கத்து விவசாயி ஒருவர். வயது 70-ஐத் தாண்டிவிட்டது. பத்திரிகையில் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் 'பெரியவர்' என்றே எழுதுகிறோம்.

அவர் வீட்டுப் பத்தாயத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன சாக்குகள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி, கிச்சிலிச் சம்பா... எல்லாம் பாரம்பரிய ரகங்கள்.

பெரியவர் இப்போது ஓர் இக்கட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் ஓர் அரிசி வியாபாரக் கம்பெனியின் ஆள். "ஐயா, மாப்பிள்ளைச் சம்பா விதை 2 மூட்டை வேணும். என்ன விலை வேணும்னாலும் கேளுங்க" என்றார். விசிட்டிங் கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கார்டு எரவாணத்தில் செருகிக் கிடக்கிறது.

கொடுப்பதா, வேண்டாமா? அதுதான் வீட்டில் பேச்சு.

சுட்ட கதை

பெரியவர் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தடவை சூடுபட்டவர் அவர்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரிக்கு இதே மாப்பிள்ளைச் சம்பாவில் 5 கிலோ கொடுத்தார். காசு வாங்கவில்லை. "அடுத்த வருஷம் இரட்டிப்பா குடுத்துடுங்க. யார்கிட்ட வாங்கினீங்கன்னு கேட்டா ஊர்ப் பேரைச் சொல்லுங்க" என்றார். இரண்டே இரண்டு நிபந்தனை.

வியாபாரி தலையை ஆட்டினார். விதை போனது. பிறகு ஆள் வரவே இல்லை.

ஒரு நாள் தஞ்சாவூருக்குக் கல்யாணத்துக்குப் போன பெரியவர், ஒரு கடையில் பளபளப்பான பாக்கெட்டைப் பார்த்தார். மாப்பிள்ளைச் சம்பா. 'எங்கள் பண்ணையின் சொந்தக் கண்டுபிடிப்பு' என்று அச்சடித்திருந்தது. ஊர்ப் பெயரும் இல்லை, காப்பாற்றிக் கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"அன்னிக்குக் கூட எனக்குக் கோவம் வரலை தம்பி. விக்கிறான், வித்துட்டுப் போறான்னு வந்துட்டேன். அதுக்கு அடுத்த வருஷம்தான் வயிறு எரிஞ்சது" என்கிறார்.

அடுத்த வருடம் என்ன நடந்தது?

தை மாதம், அறுவடை நேரம். பருவம் தப்பிய மழை. கதிர் சாய்ந்து, வயலிலேயே முளைத்துவிட்டது. விதைக்குக் கூட மிஞ்சவில்லை. நெல் விதை தங்கம் போல பூட்டி வைக்கிற சாமான் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் முளைப்பு குறைந்துகொண்டே போகும். வருடா வருடம் விதைத்து, வருடா வருடம் எடுத்தால்தான் ரகம் உயிரோடு இருக்கும்.

பெரியவர் அந்த வியாபாரியைத் தேடிப் போனார். "நான் குடுத்த விதைதான். 5 கிலோ குடுங்க" என்று கேட்டார்.

வியாபாரி சொன்ன பதில்: "கிலோவுக்கு இவ்வளவு ஆவும். பில் போடட்டுமா?"

கொடுத்தவரிடமே காசு!

காப்பாற்றிய கைமாற்று

ரகம் அழிந்துவிட்டதா? இல்லை. வேதாரண்யம் பக்கம் ஒரு விவசாயி, முன்னொரு வருடம் பெரியவரிடம் 2 கிலோ வாங்கியிருந்தார். சொன்னபடி 4 கிலோ திருப்பியும் கொடுத்தார். தன் வயலிலும் தொடர்ந்து போட்டார். விஷயம் கேள்விப்பட்டு, பஸ் ஏறி வந்து ஒரு பை விதையை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

"ரெண்டுக்கு நாலுங்கறது வட்டி இல்ல தம்பி. ஒரு எடத்துல செத்தாலும் இன்னொரு எடத்துல பொழைச்சுக் கெடக்கணும். அதுக்கான ஏற்பாடு" என்கிறார் பெரியவர்.

இந்தக் கணக்கை டெல்டாவில் ஊரறியச் செய்தவர் மறைந்த நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கம் கிராமத்தில் நெல் திருவிழா நடத்தியவர். இயற்கை விவசாய விஞ்ஞானி நம்மாழ்வாரின் சீடர். ஊர் ஊராக அலைந்து 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதை. அடுத்த வருடம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ இன்னும் 2 பேருக்குப் போகும்.

ஜெயராமன் 2018-ம் வருடம் டிசம்பர் 6-ந் தேதி காலமானார். பிறகு தமிழக அரசு, பாரம்பரிய நெல் ரகங்களைக் காக்கும் திட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தது.

பத்திரம் இல்லை. ஸ்டாம்பு பேப்பர் இல்லை. வாய்ச் சொல்தான். அதை மதித்தவர்களால் ரகங்கள் பிழைத்தன. மதிக்காதவர்களை என்ன செய்வது?

இங்கேதான் பேத்தி வருகிறார்.

"தாத்தா, எங்க ஆபீஸ்லயும் இதே தகராறுதான்!"

பெரியவரின் மகள் வயிற்றுப் பேத்தி சென்னையில் சாப்ட்வேர் என்ஜினீயர். லீவுக்கு வந்திருந்தவர், கார்டு விவகாரத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"என்னாயி சிரிக்கிறே?" என்றார் தாத்தா.

"தாத்தா, நீங்க சொல்ற ரெண்டுக்கு நாலு கணக்கை கம்ப்யூட்டர்ல எழுதியே வச்சிருக்காங்க. அதை மீறினா கோர்ட்டுக்கே இழுக்கலாம்" என்றார் பேத்தி.

அவர் விளக்கியதாவது:-

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லித் தரும் எழுத்துக்கு 'சோர்ஸ் கோடு' என்று பெயர். நமக்கு விதை நெல் மாதிரி. சில கம்பெனிகள் அரிசியை மட்டும் விற்கும், விதையைக் காட்டாது. ஆனால் உலகம் பூராவும் சில பேர், தாங்கள் எழுதியதை விதையோடு கொடுத்துவிடுகிறார்கள். 'ஓப்பன் சோர்ஸ்' என்பது அதுதான்.

யாரும் எடுக்கலாம். திருத்தலாம். விற்கவும் செய்யலாம். எடுத்ததைத் தனியாகப் பிரித்து வேறு பெயரில் வளர்க்கலாம். நாற்றங்காலில் பறித்த முடியை நம் வயலில் கொண்டுபோய் நடுகிற மாதிரி. இதற்கு 'ஃபோர்க்' என்று பெயர். தப்பே இல்லை.

ஆனால் நிபந்தனை உண்டு. அதற்குத்தான் 'லைசென்ஸ்' என்று பெயர்.

சில லைசென்ஸ்கள், "என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ, எழுதினவன் பேரை மட்டும் எடுக்காதே" என்று சொல்லும். சில லைசென்ஸ்கள் ஒரு படி மேலே போகும். "நீ திருத்தி யாருக்குக் கொடுக்கிறாயோ, அவருக்கு உன் திருத்தத்தின் விதையையும் சேர்த்துக் கொடு" என்று சொல்லும். அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் வெளியிட்ட 'ஜி.பி.எல்.' லைசென்ஸ் இந்த ரகம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட லினக்ஸும் விரைவிலேயே இந்த லைசென்சுக்குள் வந்துவிட்டது.

"லினக்ஸா? அது எங்க இருக்கு?" என்றார் பெரியவர்.

"உங்க சட்டைப் பையில!" என்றார் பேத்தி. ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றின் அடியிலும் ஓடுவது லினக்ஸ்தான்.

பெட்டிக்குள் மாட்டியது!

விதையை வாங்கிக்கொண்டு கணக்கை மறந்த கம்பெனிகள் அங்கேயும் உண்டு.

2003-ம் வருடம். வீட்டுக்கு வீடு இன்டர்நெட் பிரித்துக் கொடுக்கும் ஒரு நீலப் பெட்டி அமெரிக்காவில் அமோகமாக விற்றது. லிங்க்சிஸ் கம்பெனி தயாரிப்பு. அதைக் குடைந்து பார்த்தவர்கள், உள்ளே லினக்ஸ் ஓடுவதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் லைசென்ஸ் கேட்கிற மூல எழுத்து கூட வரவில்லை. கிளம்பியது எதிர்ப்பு. கடைசியில் கம்பெனி மூல எழுத்தை வெளியிட்டது.

அப்புறம் நடந்ததுதான் ருசிகரம். அந்த விதையை வைத்து ஆர்வலர்கள் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்ற புதுப் பயிரையே வளர்த்துவிட்டார்கள். இன்றைக்கும் பல கம்பெனிப் பெட்டிகளில் அது ஓடுகிறது. திருப்பிக் கொடுத்த விதை பல வயலுக்குப் பரவியது.

மறு வருடமே ஜெர்மனியில் மியூனிக் நகரக் கோர்ட்டு, இன்னொரு கம்பெனிக்கு எதிரான வழக்கில், இந்த ஜி.பி.எல். லைசென்ஸ் செல்லும் என்று சொல்லிவிட்டது.

பொம்மை ரயிலும் 2 லட்சம் டாலரும்

இன்னொரு வழக்கு, பெரியவரின் கதையை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கிறது.

அமெரிக்காவில் பாப் ஜேக்கப்சன் என்று ஒரு பௌதிகப் பேராசிரியர். அவருக்குப் பொம்மை ரயில் ஓட்டுவதில் பைத்தியம். அந்த ரயிலைக் கம்ப்யூட்டர் மூலம் ஓட்ட, நண்பர்களோடு சேர்ந்து ஒரு சாப்ட்வேர் எழுதினார். எல்லோருக்கும் இலவசம். எழுதியவர் பெயர் இருக்க வேண்டும், செய்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

ஒரு நாள் வந்தது ஒரு கடிதம். பொம்மை ரயில் சாப்ட்வேர் விற்கும் ஒரு கம்பெனி, "நீங்கள் எங்கள் பேடன்டை மீறிவிட்டீர்கள். 2 லட்சம் டாலருக்கு மேல் கட்டுங்கள்" என்று கேட்டது.

பேராசிரியர் ஆடிப் போனார். அதோடு ஒரு விஷயமும் தெரியவந்தது. அவர்கள் குழு எழுதிய கோப்புகளை அந்தக் கம்பெனி எடுத்துத் தன் சரக்கில் வைத்திருந்தது. எழுதியவர்கள் பெயரை நீக்கிவிட்டு!

2006-ல் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டு, "இது வெறும் ஒப்பந்தச் சமாசாரம்" என்று தடை கொடுக்க மறுத்தது. பேராசிரியர் விடவில்லை. 2008 ஆகஸ்டில் மேல்கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. இலவசமாகக் கொடுத்தார் என்பதற்காக நிபந்தனை செத்துப்போகாது. பெயரை விடச் சொன்னால் விட வேண்டும். மீறினால் அது காப்பிரைட் மீறல். இதுதான் தீர்ப்பின் சாரம்.

2010-ல் சமரசம் ஆயிற்று. கம்பெனி தரப்பு 1 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "கேட்டது ரெண்டு லட்சம், குடுத்தது ஒரு லட்சமா! பலே!" என்று தொடையைத் தட்டினார்.

தமிழிலும் உண்டு

வெளிநாட்டுக் கதை மட்டும் இல்லை. 1998-ல் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாகக் கொடுக்கிறது. உழைத்தவர்கள் உலகம் பூராவும் இருக்கும் தமிழர்கள். கூலி கிடையாது. கேட்பது ஒன்றே ஒன்று: நூலின் முகப்புப் பக்கத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும். யார் தட்டச்சு செய்தார், யார் பிழை பார்த்தார் என்பது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அதைக் கிழித்துப் போடுவது எவ்வளவு சுலபம்! வைத்திருப்பது எவ்வளவு சின்ன மரியாதை!

பொன்னி யாருக்குச் சொந்தம்?

பெயர் என்றதும் இன்னொரு வழக்கு ஞாபகம் வருகிறது. இது நம் வீட்டுச் சோற்றுப் பானை வழக்கு.

பொன்னி என்றால் காவிரி. பொன்னி அரிசி சாப்பிடாத டெல்டாக்காரர் உண்டா? அதன் தாய் வீடு எது தெரியுமா? மலேசியா! அங்கே உருவான 'மசூரி' என்ற ரகத்திலிருந்து வந்ததுதான் நம் பொன்னி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-ல் வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால், பொன்னி ஒரு ஃபோர்க்!

இதிலே வேடிக்கை. மலேசியாவில் ஓர் அரிசிக் கம்பெனி 'பொன்னி' என்ற பெயரையே தன் வியாபாரக் குறியாகப் பதிவு செய்துவிட்டது. அப்படியானால் தமிழ்நாட்டிலிருந்து போகும் பொன்னி அரிசியை, பொன்னி என்று சொல்லி அங்கே விற்க முடியாது. நம் நாட்டு வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. பொன்னி என்பது ஒரு நெல் ரகத்தின் பொதுப் பெயர், ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமாக முடியாது என்று கோர்ட்டு முடிவு செய்தது. பதிவு நீக்கப்பட்டது.

விதை அங்கிருந்து வந்ததை நாமும் மறைக்கக் கூடாது. பெயரை அவர்களும் பூட்டி வைக்கக் கூடாது. நியாயம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

நம் நெல் ஆராய்ச்சிக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். பெயரிலேயே ஊரை வைத்துவிட்டார்கள். ஏ.டி.டி. 43 என்றால் ஆடுதுறை. சி.ஓ. என்றால் கோயம்புத்தூர். சம்பாவுக்குப் போடுகிற சி.ஆர். 1009-ல் ஒரிசாவின் கட்டாக் இருக்கிறது. பி.பி.டி. 5204-ல் ஆந்திராவின் பாபட்லா இருக்கிறது. எத்தனை கை மாறினாலும் பிறந்த ஊர் கூடவே வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

விதைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2001-ம் வருடத்துப் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

விவசாயி தன் விதையை வைத்துக்கொள்ளலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிர்ந்துகொள்ளலாம், விற்கலாம். பாதுகாப்புப் பெற்ற ரகத்தை பிராண்டு பெயர் போட்டு விற்பதுதான் கூடாது.

ஒரு கம்பெனி புது ரகத்தைப் பதிவு செய்ய வந்தால், அதன் தாய் தந்தை ரகம் எது, எந்த ஊரிலிருந்து எடுத்தது, விவசாயிகள் பங்கு என்ன என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பலனில் பங்கு கேட்கவும் வழி உண்டு. விவசாயிகள் காப்பாற்றிய ரகத்தை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்யவும் இடம் உண்டு.

ஆனால் ஓட்டையும் இருக்கிறது. பெரியவரின் வியாபாரி எந்த ரகத்தையும் பதிவு செய்யப் போகவில்லை. வாங்கினார், பெருக்கினார், பாக்கெட்டில் போட்டார். அவ்வளவுதான். அவரிடம் 'ரெண்டுக்கு நாலு' என்று கேட்கப் பெரியவரிடம் என்ன சீட்டு இருக்கிறது?

"அதான் தாத்தா வித்தியாசம். நீங்க வாயால சொன்னீங்க. அவங்க எழுதி வச்சாங்க" என்றார் பேத்தி.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நோட்டு வந்தது

மறுநாள் காலை பேத்தி கடைத் தெருவுக்குப் போய் ஒரு நீள நோட்டு வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் தாத்தா சொல்லச் சொல்ல எழுதினார். நான்கே வரி:

1. விதை வாங்குகிறவர் அடுத்த வருடம் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும்.

2. விற்கலாம். ஆனால் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பாக்கெட்டில் போட வேண்டும். சொந்தக் கண்டுபிடிப்பு என்று போடக் கூடாது.

3. அடுத்தவருக்குக் கொடுக்கும்போது இதே நிபந்தனையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

4. கொடுத்தவர் வீட்டில் விதை அழிந்து போனால், கேட்காமலே கொடுக்க வேண்டும்.

கடைசி வரி மட்டும் எந்தக் கம்ப்யூட்டர் லைசென்சிலும் இல்லை என்கிறார் பேத்தி. "அது தாத்தாவோட சொந்தச் சரக்கு" என்கிறார் பெருமையாக.

இந்த நோட்டு கோர்ட்டில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். ஆனால் கையெழுத்துப் போட்டவன் 'நான் வாங்கவே இல்லை' என்று சொல்ல முடியாது.

முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? வேதாரண்யம் விவசாயியுடையது. போன் போட்டுச் சொன்னதும், "கணக்கு நான்தான் ஏற்கனவே தீத்துட்டேனே" என்று சிரித்துக்கொண்டே வந்து போட்டார்.

வாசகர்கள் பார்க்கலாம்

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் 'செட்டிங்ஸ்' திறந்து, 'போனைப் பற்றி' என்ற இடத்துக்குள் போய், சட்டத் தகவல் என்பதைத் தொடுங்கள். லைசென்ஸ்கள் என்று வரும். விரலால் தள்ளித் தள்ளி மாளாது. பெயர் பெயராக ஓடும். அத்தனையும், எழுதி இலவசமாகக் கொடுத்தவர்களின் பெயர்கள். பெரிய பெரிய கம்பெனிகள் போடுகின்றன. போடாவிட்டால் வழக்கு வரும் என்று தெரியும்.

அதே கண்ணோடு, அடுத்த தடவை பாரம்பரிய அரிசிப் பாக்கெட் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஊர்ப் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் கடைக்காரரைக் கேளுங்கள்: "இது எந்த ஊர் விதைங்க?"

பத்துப் பேர் கேட்டால் பதினோராவது பாக்கெட்டில் ஊர் வந்துவிடும்.

சரி, எரவாணத்துக் கார்டு என்ன ஆயிற்று?

பெரியவர் எடுத்துப் போன் போட்டார். "விதை தர்றேன் தம்பி. காசு வேணாம். ஆனா மூட்டைக் கணக்குல கெடையாது. எல்லாருக்கும் என்ன அளவோ அதான் ஒங்களுக்கும். 2 கிலோ. இஞ்ச வந்து நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

மறுமுனையில், "மேலிடத்துல கேட்டுச் சொல்றேங்க" என்று பதில் வந்ததாம்.

இதுவரை போன் வரவில்லை. அந்த 2 கிலோ, அட்டை கட்டித் தனியாக இருக்கிறது.

"ஆடி வரைக்கும் பார்ப்பேன். வரலைன்னா வேற ஒரு விவசாயிக்குக் குடுத்துடுவேன். வெத காத்துக்கிட்டு இருக்காது தம்பி" என்றார் பெரியவர்.